பதில் சொல்ல ஒரு ஆள்

திருவள்ளூர் என்ற பெயரே, யாரோ ஒரு ஊர் பேர் தெரியாதவர் கேட்ட கேள்வியிலிருந்து வந்தது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். வீரராகவப் பெருமாள் கோயிலின் தலபுராணம் அது. சாலிஹோத்ர முனிவர் ஓராண்டு உபவாசம் இருக்கிறார். முடிவில் மாவைத் திரட்டிப் பெருமாளுக்குப் படைத்துவிட்டு, யாராவது அதிதி வருவாரா என்று காத்திருக்கிறார். ஒரு கிழவர் வருகிறார். பசி என்கிறார். முனிவர் கொடுக்கிறார். பசி அடங்கவில்லை என்கிறார் கிழவர். தனக்கென்று வைத்திருந்ததையும் கொடுத்துவிட்டு இன்னும் ஓராண்டு உபவாசம் இருக்கிறார் முனிவர். அடுத்த ஆண்டும் அதே கிழவர். இந்த முறை சாப்பிட்டுவிட்டு, களைப்பாக இருக்கிறது, படுக்க 'எவ்வுள்' என்று கேட்கிறார். எந்த அறை என்று அர்த்தம். முனிவர் தன் குடிசையைக் காட்டுகிறார். உள்ளே போய்ப் படுத்தவர் பெருமாள். எவ்வுள் என்று கேட்ட ஊர் திருவெவ்வுளூர் ஆகி, தேய்ந்து திருவள்ளூர் ஆயிற்று. திருமங்கையாழ்வார் பாடியிருப்பதும் எவ்வுள் என்ற பெயரில்தான்.

சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது கிழவர் பெருமாளாக மாறும் இடம்தான் பிடித்திருந்தது. இப்போது வேறொரு இடம் பிடிக்கிறது. முனிவர் காத்திருந்தார் அல்லவா, அந்த இடம். அதிதி வந்து சாப்பிடாமல் அவரால் தன் உபவாசத்தை முடிக்க முடியாது. கிழவருக்கு மாவு எவ்வளவு தேவையோ, முனிவருக்குக் கிழவர் அவ்வளவு தேவை. கேட்கிறவனுக்குத்தான் பதில் வேண்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பதில் வைத்திருப்பவனுக்கும் கேட்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன். சொந்த ஊர் திருவள்ளூர். இரண்டும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போவதென்றால் ஒரு பாதையில் சென்னைக்குப் போய், அங்கே வண்டி மாறி, இன்னொரு பாதையில் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று மேலே ஏற வேண்டும். பேருந்து என்றால் பெரியபாளையம் வழி. அந்தப் பயணங்களில்தான், போனில் முகம் தெரியாதவர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதும் பழக்கம் வந்தது. மோட்டார் சூடாகிறது, ஏன்? ஸ்டார் டெல்டாவில் டைமர் எத்தனை செகண்டு வைக்க வேண்டும்? நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் காட்டுகிறது, ஆபத்தா? யூடியூப் வீடியோவுக்குக் கீழே, ஃபேஸ்புக்கில், எலக்ட்ரீஷியன்கள் சேர்ந்திருக்கும் வாட்ஸாப் குழுக்களில் இப்படிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். கேட்பவர்கள் பெரும்பாலும் ஐ.டி.ஐ. முடித்த பையன்கள். சிலர் வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள். பெயருக்குப் பதில் ஒரு நடிகர் படம் இருக்கும், அவ்வளவுதான் அறிமுகம்.

"ஏங்க, ராத்திரி பதினோரு மணிக்கு யாருக்கு இவ்ளோ நீளமா எழுதறீங்க?" என்று வீட்டில் கேட்பாள்.

"யாருன்னு தெரியாது."

"தெரியாதவனுக்கா? காசு ஏதாச்சும் தரானா?"

நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரை அவளுக்குச் சொல்ல நினைத்த பதில்தான், கொஞ்சம் நீளமாக.

இது கடனில் ஆரம்பித்தது என்று சொல்லலாம். 2011ல் ஒரு ரோலிங் மில்லில் நைட் ஷிஃப்டில் இருந்தேன். உலைக்குப் புகை இழுக்கும் பெரிய ஃபேன் ஒன்று, டிரைவ் மூலம் ஓடுவது. வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் 'ஓவர் வோல்டேஜ்' என்று காட்டி டிரிப் ஆனது. உள்ளே வரும் சப்ளையை அளந்து பார்த்தால் 415 வோல்ட், சரியாகவே இருக்கிறது. ஈ.பி. சப்ளை சரி, கேபிள் சரி, மோட்டார் சரி. எங்கிருந்து வருகிறது இந்த அதிக வோல்டேஜ்? மணி இரண்டு. கேட்க ஆளில்லை. போனில் தேடினால், 2006ல் எங்கோ வெளிநாட்டில் ஒருவர் அதே கேள்வியைக் கேட்டிருந்தார். இன்னொருவர் பொறுமையாக விளக்கியிருந்தார். கனமான ஃபேனைச் சட்டென்று மெதுவாக்கப் பார்த்தால், சுற்றும் வேகத்தில் மோட்டாரே ஜெனரேட்டராகிவிடும். அந்தக் கரண்டு திரும்பி டிரைவுக்குள் வந்து உள் வோல்டேஜை ஏற்றிவிடும். வேகமாக ஆடும் ஊஞ்சலைப் பிடித்து நிறுத்தப் போனால் அது நம்மைத் தள்ளுகிறதே, அதுபோல. நிற்பதற்கான நேரத்தைக் கூட்டு, அல்லது பிரேக் ரெசிஸ்டர் போடு. நேரத்தைக் கூட்டினேன். ஃபேன் அடங்கி நின்றது.

அந்தப் பக்கத்தின் அடியில் நன்றி என்று ஒரு வார்த்தை கூட இல்லை. கேள்வி கேட்டவர் திரும்பி வந்து பார்த்தாரா என்பதே தெரியவில்லை. எழுதியவர் வீணாக எழுதினோமே என்று நினைத்திருக்கலாம். ஐந்து வருடம் கழித்து, கும்மிடிப்பூண்டியில், இரும்புத் தூசி படிந்த ஒரு பேனல் அறையில் அது எனக்குப் பயன்பட்டது என்று அவரிடம் சொல்ல வழியே இல்லை. திருப்பித் தர முடியாத கடனை வேறு யாருக்காவதுதான் தர முடியும்.

ஆனால் கடன் மட்டும்தான் காரணம் என்றால் நாலைந்து பதிலோடு கணக்குத் தீர்ந்திருக்கும். அதற்கு மேலும் எழுதுகிறோமே, அது ஏன்?

முதலில் நம் எல்லோருக்கும் தோன்றுவது, பெருமைக்காக. அது உண்மைதான், மறுக்க வேண்டியதில்லை. தமிழில் கேள்வி-பதில் என்பதே ஒரு மேடை. குமுதத்தில் அரசு பதில்கள், ஜூனியர் விகடனில் சுஜாதாவின் 'ஏன்? எதற்கு? எப்படி?', ஆனந்த விகடனில் ஹாய் மதன் என்று நாம் வாரம் முழுக்கக் காத்திருந்து படித்ததெல்லாம் கேள்விக்காக அல்ல, பதில் சொல்பவருக்காக. போஸ்ட் கார்டில் கேள்வி எழுதிப் போட்டவர் பெயர் கொட்டை எழுத்தில் வந்தால் அது அவருக்கு ஒரு வாரச் சந்தோஷம். அங்கே கேட்பவர் யாரோ, சொல்பவர் பிரபலம். இணையம் செய்த மாற்றம், சொல்பவரும் யாரோ ஆகிவிட்டார் என்பது. நடிகர் படம் வைத்த ஒருவன் கேட்கிறான், ரோஜாப்பூ படம் வைத்த ஒருவர் சொல்கிறார். பெருமை யாருக்குப் போய்ச் சேரும்? ரோஜாப்பூவுக்கா?

அதனால்தான் மார்க் போடும் ஏற்பாடு வந்தது. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுபவர்கள் கேள்வி கேட்டுக்கொள்ளும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008ல் தொடங்கியது. அங்கே உங்கள் பதில் ஒருவருக்குப் பிடித்து ஓட்டுப் போட்டால் 10 புள்ளி. கேட்டவரே ஏற்றுக்கொண்டால் இன்னொரு 15. அதை வைத்து டீ கூட வாங்க முடியாது. ஆனாலும் பெரிய பெரிய எஞ்சினியர்கள் அதற்காக ராத்திரி கண் விழித்தார்கள்.

சரி, காசே கொடுத்தால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். கூகுள் 2002ல் 'கூகுள் ஆன்சர்ஸ்' என்று ஒன்று தொடங்கியது. கேட்பவர் 2 டாலரிலிருந்து 200 டாலர் வரை விலை வைக்கலாம். பதில் சொல்பவருக்கு அதில் முக்கால் பங்கு. தேர்ந்தெடுத்த ஆட்கள், தரமான பதில்கள். 2006 கடைசியில் மூடிவிட்டார்கள். அதற்கு ஒரு வருடம் முன்னால் வந்த 'யாஹூ ஆன்சர்ஸ்'ஸில் சல்லிக்காசு கிடையாது, பாதிக்கு மேல் வெட்டிப் பேச்சு. அது 2021 மே வரை ஓடியது.

இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தில் செய்த ஒரு ஆய்வு, 2000ல் வெளியானது, இங்கே ஞாபகம் வருகிறது. குழந்தைகள் காப்பகத்தில் பெற்றோர் தாமதமாக வருகிறார்கள் என்று அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரு மடங்கானது. அதுவரை 'டீச்சர் காத்திருப்பாங்களே' என்ற கூச்சத்தில் ஓடி வந்தவர்கள், இப்போது காசு கொடுத்துவிட்டோமே என்று சாவகாசமாக வந்தார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை. சில காரியங்களில் காசு உள்ளே வந்ததும் வேறொன்று வெளியே போய்விடுகிறது. என் பதிலுக்கு யாராவது ஐம்பது ரூபாய் ஜீபே செய்தால், மறுநாள் முதல் எனக்கு அது ஐம்பது ரூபாய் வேலை. ராத்திரி பதினோரு மணிக்கு ஐம்பது ரூபாய்க்கு நான் ஏன் எழுத வேண்டும்?

இன்னொரு காரணம், தப்பைப் பார்த்தால் வரும் அரிப்பு. விக்கி மென்பொருளை உருவாக்கிய வார்டு கன்னிங்ஹாம் பெயரில் ஒரு விதி உலவுகிறது: இணையத்தில் சரியான பதில் வேண்டுமென்றால் கேள்வி கேட்காதே, தப்பான பதிலைப் போடு. உடனே நாலு பேர் ஓடி வந்து திருத்துவார்கள். இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. ஆனால் எங்கள் தொழிலில் இது சிரிப்பு விஷயமில்லை.

ஒருமுறை ஒரு பையன் கேட்டிருந்தான்: டிரைவ் ஃபெயில், உள்ளே திறந்து பார்க்கலாமா? யாரோ பதில் போட்டிருந்தார்கள்: மெயினை ஆஃப் பண்ணிட்டு தாராளமா திறங்க. படித்ததும் எனக்கு உள்ளங்கை வேர்த்தது. டிரைவுக்குள் பெரிய கெபாசிட்டர்கள் இருக்கின்றன. மெயினை அணைத்த பிறகும் பல நிமிடங்களுக்கு அவை ஆபத்தான அளவு வோல்டேஜைப் பிடித்து வைத்திருக்கும். உள்ளே எரியும் சிறிய விளக்கு அணைய வேண்டும், மேனுவலில் போட்டிருக்கும் நிமிடங்கள் காத்திருக்க வேண்டும், அப்புறமும் மீட்டர் வைத்து டி.சி. வோல்டேஜ் இல்லை என்று பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் கை வைக்கலாம். பேருந்தில் நின்றுகொண்டே அத்தனையும் எழுதிப் போட்டேன். பையன் பதில் போடவில்லை. மறுநாளும் இல்லை. ஒரு வாரம் தினம் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இன்றுவரை ஒன்றும் இல்லை. படித்தானா, படிப்பதற்கு முன்பே திறந்துவிட்டானா, தெரியாது. அன்று எழுதியதில் பெருமையும் இல்லை, கடனும் இல்லை. ஒரு குழந்தை கிணற்று மேட்டில் நின்றால் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துவிட்டா பிடித்து இழுப்போம்?

2023 மார்ச் மாதத் தொடக்கத்திலும் இதைப் பார்த்தேன். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. சம்பந்தமே இல்லாத சம்பவங்களின் காட்சிகளை ஒட்டி வைத்திருந்தார்கள். பொய் என்று தமிழ்நாடு காவல்துறை சொன்னது. பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பிப் பார்த்தது. ஆனால் அந்த நாலைந்து நாட்கள் சிப்காட்டில் பீகார் பையன்களின் போன் ஓயவில்லை. வீட்டிலிருந்து அம்மாக்கள் அழுதார்கள். எங்கள் ஷிஃப்டில் ஒரு பையன், ஊரில் இருக்கும் யாரோ ஒருவர் ஒரு வீடியோவின் கீழே, 'கும்மிடிப்பூண்டியில் யாராவது இருக்கிறீர்களா, என் தம்பி போன் எடுக்கவில்லை' என்று இந்தியில் எழுதியிருந்ததைக் காட்டினான். முன்பின் தெரியாதவர். இவன் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் டீக்கடையில் நின்று, பின்னால் கூட்டமும் பஜ்ஜியும் தெரிய, 'நான் இங்கேதான் இருக்கிறேன், நைட் டூட்டி முடிந்து டீ குடிக்கிறேன், ஒன்றும் இல்லை, உங்கள் தம்பி தூங்கிக்கொண்டிருப்பான்' என்று பேசி அனுப்பினான். டீக்கடைக்காரர் கேமராவைப் பார்த்துக் கையசைத்தார். போலீஸ் அறிக்கையும் தேவைதான். ஆனால் அந்தக் கேள்விக்குச் சரியான பதில், அந்த இடத்தில் நின்றுகொண்டிருக்கும் ஒரு ஆள்தான்.

இதெல்லாம் நல்ல காரணங்கள். இனி சொல்வது கொஞ்சம் சங்கடமான காரணம். பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லித்தருவதைவிடத் தூரத்தில் இருப்பவனுக்குச் சொல்வது சுலபம்.

நான் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஒரு போர்மேன் இருந்தார். அவருக்குத் தெரியாத பேனல் கிடையாது. ஆனால் வாயே திறக்க மாட்டார். டிரைவுக்கு செட்டிங் போடும்போது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். எந்த ஒயர் எங்கே போகிறது என்று அவர் கையால் எழுதிய நோட்டு ஒன்று உண்டு, அது டிபன் பையிலேயே வந்து டிபன் பையிலேயே வீட்டுக்குப் போகும். "அண்ணா, இது எப்படிண்ணா?" என்று கேட்டால், "பாத்து கத்துக்க நைனா" என்பார். பார்க்கத்தான் விட மாட்டாரே.

எங்களுக்கெல்லாம் அவர்மேல் கோபம். பிறகுதான் எங்கள் வேலையின் கணக்குப் புரிந்தது. நிரந்தரத் தொழிலாளி ஓய்வு பெற்றால் அந்த இடம் கான்ட்ராக்ட் ஆளுக்குப் போகிறது. இவர் சம்பளத்தில் பாதிக்கு ஒருவன் அதே வேலையைச் செய்ய முடியும் என்று தெரிந்தால், ஓய்வு வரைகூடக் காத்திருக்க மாட்டார்கள். அந்த நோட்டுதான் அவருடைய வேலை உத்தரவு. அதை எனக்குக் காட்டுவது, தன் நாற்காலியின் ஒரு காலைக் கழற்றித் தருவது மாதிரி. கஞ்சத்தனம் அல்ல அது. பயம். பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்த ஒரு மனிதரின் பயம்.

ஓய்வு பெற்று மூன்று நான்கு வருடம் கழித்து, நான் இருக்கும் ஒரு வாட்ஸாப் குழுவில் அவரை யாரோ சேர்த்துவிட்டார்கள். முதலில் குட்மார்னிங் படங்கள். ஒருநாள் ஒரு பையன் கிரேன் மோட்டார் பற்றி எதையோ கேட்டான். பத்து நிமிடத்தில் பதில் வந்தது, வாய்ஸ் மெசேஜ், ஆறு நிமிடம். அதே குரல். "நைனா, மொதல்ல பிரேக் காயில பாரு. அப்புறம் லிமிட் சுவிட்சு..." என்று ஒவ்வொன்றாக. அன்று முதல் அந்தக் குழுவில் யார் எதைக் கேட்டாலும் அவர்தான். விடியற்காலை ஐந்து மணிக்குக் கேட்டாலும் பதில் இருக்கும். கடைசியில் அந்த நோட்டே வந்தது. பக்கம் பக்கமாக போட்டோ எடுத்துப் போட்டார். நீல மசியில் எழுதி, எண்ணெய்க் கறை படிந்த பக்கங்கள். பத்து வருடம் நான் எட்டி எட்டிப் பார்த்த நோட்டு, யார் யாரோ பார்க்க என் போனில் கிடந்தது.

போன் போட்டுக் கேட்டேன். "இன்னாண்ணா, அப்ப ஒரு பக்கம் காட்ட மாட்டீங்க, இப்ப முழுசா போட்டுட்டீங்க?"

சிரித்தார். "அப்ப நீ கேட்டா என் வேல போவும். இப்ப எவனும் கேக்கலன்னா எனக்குத் தெரிஞ்சதெல்லாம் போவுது பாரு."

இதைவிடச் சரியாக இந்த விஷயத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு தொழில் முப்பது வருடம் கைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஓய்வு பெற்ற மறுநாள் கேட்டில் ஐ.டி. கார்டை வாங்கிக்கொள்கிறார்கள். கையில் இருப்பதை வாங்கிக்கொள்ள முடியாது. அதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? பேரப்பிள்ளைகளுக்கு ரிலே பற்றி அக்கறை இல்லை. யாரோ ஒருவன் கேட்கும் வரை அது இருப்பதும் இல்லாததும் ஒன்று. சாலிஹோத்ரர் கையில் மாவை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்த கதைதான்.

தமிழ் விக்கிப்பீடியாவில், 2003லிருந்து வரும் தளம் அது, கலந்து பேசும் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். உதவி கேட்கும் பக்கத்துக்கு ஒத்தாசைப் பக்கம். பெயர் வைத்தவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. ஒத்தாசை என்பது நாம் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏணியைப் பிடித்துக்கொள்வது. அதற்குக் கூலியும் இல்லை, அது தானமும் இல்லை. ஏணி பிடித்ததற்காக யாரும் சொர்க்கம் போவதாகக் கேள்விப்பட்டதில்லை. பிடிக்காமல் போனால்தான் மனசு உறுத்தும்.

இப்போது பையன்கள் எங்களைக் கேட்பது குறைந்துவிட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலேயே கேள்விகள் வெகுவாகக் குறைந்துபோயின. எங்கள் குழுவில் மட்டும் குறையாமல் இருக்குமா? இயந்திரம் உடனே சொல்கிறது, தமிழிலும் சொல்கிறது, 'இது கூடத் தெரியாதா' என்று கேட்பதில்லை. அதுவும் ஒரு பெரிய காரியம்தான். கேள்வி கேட்கக் கூச்சப்பட்டே எத்தனையோ பேர் கற்றுக்கொள்ளாமல் போனார்கள். அந்த இயந்திரம் கற்றுக்கொண்டதும் இப்படி ராத்திரியில் யார் யாரோ யார் யாருக்கோ இலவசமாக எழுதிப்போட்ட பதில்களைப் படித்துத்தான். 2006ல் எழுதிய அந்த மனிதரின் ஃபேன் விளக்கமும் அதற்குள் எங்கேயாவது இருக்கலாம். அவர் பெயர் அங்கேயும் இருக்காது.

கேட்பவர்களுக்குப் பதில் கிடைத்துவிடும். எனக்குக் கவலை, பதில் வைத்திருப்பவர்களைப் பற்றித்தான். போர்மேன் இப்போதும் அந்தக் குழுவில் இருக்கிறார். போன மாதம் முழுக்க ஒரே ஒரு கேள்விதான் வந்தது. அதனால் நான் ஒரு வேலை செய்கிறேன். எங்கள் ஷிஃப்டில் ஒரிசாவிலிருந்து வந்த ஒரு பையன் இருக்கிறான், கான்ட்ராக்ட். தமிழ் இப்போதுதான் வருகிறது. சந்தேகம் என்று என்னிடம் வந்தால் பாதியை நான் சொல்கிறேன். மீதிப் பாதியை, "குரூப்ல கேளு, ஒரு பெரியவர் இருக்கார், அவருக்குத்தான் இது நல்லா தெரியும்" என்று சொல்லி அனுப்புகிறேன். பையன் அரைகுறைத் தமிழில் வாய்ஸ் மெசேஜ் போடுகிறான். பத்து நிமிடத்தில் பதில் வந்துவிடுகிறது. நேற்று கேட்டது ஒரு கான்டாக்டர் ஏன் கரகரவென்று சத்தம் போடுகிறது என்று. வந்த பதில் ஒன்பது நிமிடம். பையன் ஹெட்போனை ஒரு காதில் மாட்டிக்கொண்டு, பேனல் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு தடவை கேட்டான்.